பெறுநர்: சட்டமன்ற உறுப்பினர்

தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு வந்து சேரும் மனுக்களில் இரண்டு வகை உண்டு. ஊருக்கு வேண்டிய சேவையைக் கேட்டு ஊர்ப் பொதுமக்கள் எழுதுவது ஒன்று, அந்தச் சேவையைச் செய்கிறவர்கள் தங்கள் ஊதியத்தைப் பற்றிச் சங்கத்தின் பெயரால் எழுதுவது மற்றொன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவில் செவிலியர் இல்லை என்பது முதல் வகை. பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் பணியாற்றும் செவிலியரைக் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது இரண்டாம் வகை. தொகுப்பூதியம் என்பது படிகளும் ஆண்டு உயர்வும் இல்லாமல் மாதத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுப்பது. காலமுறை ஊதியம் என்பது அடிப்படைச் சம்பளம், ஆண்டுதோறும் உயர்வு, விலைவாசிக்கு ஏற்ப ஏறும் அகவிலைப்படி ஆகியவற்றோடு நிலையான பணியிடத்துக்கு உரியது. இரண்டு மனுக்களும் ஒரே மேசைக்கு வந்தாலும், ஒன்றையொன்று அறியாமல் வெவ்வேறு கோப்புகளுக்குள் போய்விடுகின்றன; செவிலியர் இல்லாத இரவும் செவிலியருக்குக் கொடுக்கப்படாத சம்பளமும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்பது எந்தக் கோப்பிலும் எழுதப்படுவதில்லை.

மனு எழுதும் பழக்கம் வாக்குரிமையைவிடப் பழையது. சென்னை மாகாணத்தில் ஒருவருக்கும் வாக்கு இல்லாத காலத்தில், 1852-ல், காசுலு லட்சுமிநரசு செட்டியார் முன்னின்று தொடங்கிய சென்னை சுதேசிகள் சங்கம் லண்டன் நாடாளுமன்றத்துக்கே ஒரு நீண்ட மனுவை அனுப்பிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் 1853-ல் புதுப்பிக்கப்பட இருந்ததால், வரிச்சுமையும் நீதிமன்றத் தாமதமும் பாசனம், சாலை, கல்வி ஆகியவற்றில் காட்டப்பட்ட அலட்சியமும் அந்த மனுவில் வரிசையாக எடுத்துரைக்கப்பட்டன. அதன் விளைவாக டான்பி சீமோர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1853-ல் சென்னைக்கு வந்தார். லட்சுமிநரசு அவரை ஊர் ஊராக அழைத்துச் சென்று, வரி வசூலிக்கக் குடியானவர்கள் எப்படி வதைக்கப்படுகிறார்கள் என்பதைக் காட்டினார். சீமோர் அதை லண்டனில் எழுப்பியபின் அமைக்கப்பட்ட சித்திரவதை விசாரணை ஆணையம் 1855-ல் வெளியிட்ட அறிக்கை, வருவாய்த் துறையின் கீழ்நிலைப் பணியாளர்கள் குடியானவர்களிடம் நடந்துகொண்ட விதத்தை அரசாங்கத்தின் சொந்த ஆவணமாகவே ஆக்கிவிட்டது. தொகுதியும் இல்லை, உறுப்பினரும் இல்லை; ஆனாலும் ஒரு மனு ஒரு கேள்வியாகி, கேள்வி ஒரு விசாரணையாகி, விசாரணை ஓர் அறிக்கையாயிற்று. மனு எந்த வழியில் போனால் பலன் தரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உள்ளூர்ச் சான்று கிடைப்பது அரிது.

இன்று அந்த உரிமை அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. குறை தீர்க்க வேண்டி ஒன்றிய அரசின் அல்லது மாநில அரசின் எந்த அலுவலருக்கும், அங்கே வழங்கும் எந்த மொழியிலும் விண்ணப்பம் அளிக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று 350-ஆம் பிரிவு சொல்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்ற எண்ணத்துக்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை. உறுப்பினருக்கு எழுதுவது மட்டுமன்றி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுப்பதும், கிராமக் கணக்குகளை ஆண்டுக்கொருமுறை தணிக்கை செய்யும் ஜமாபந்தியில் கொடுப்பதும் இதே உரிமையின் வேறு வாசல்களே.

மனுவின் வடிவத்தைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. அனுப்புநர், பெறுநர், அதன்கீழே ‘பொருள்’ என்ற தலைப்பில் ‘செவிலியர் பணியிடம் நிரப்பக் கோருதல் – தொடர்பாக’ என்ற ஒற்றை வரி, அதன்கீழே ‘பார்வை’ என்ற தலைப்பில் இதே பொருள் குறித்து ஏற்கெனவே கொடுத்த மனுக்களின் தேதிகள், பின்னர் ‘ஐயா, வணக்கம்’ என்று தொடங்கி ‘இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்’ என்று முடியும் ஒன்றரைப் பக்கம், அதன் பின்னால் இணைத்த கையெழுத்துத் தாள்கள். இவற்றுள் மிக அதிகம் பேசுவது ‘பார்வை’ என்ற பகுதிதான்: அதில் தேதி ஒன்றும் இல்லையென்றால் குறை புதிது, மூன்று தேதிகள் இருந்தால் மூன்று முறை யாரோ படித்துவிட்டு வேறு யாருக்கோ அனுப்பியிருக்கிறார்கள் என்று பொருள். மனுவின் நடையோ இன்னும் பழைய கச்சேரிக் காலத்திலேயே நிற்கிறது. ‘அவர்கள் சமூகத்துக்கு’ என்றும் ‘தாங்கள் கருணைகூர்ந்து’ என்றும் எழுதப்படும்போது, எழுதுகிறவர் வாக்காளர், பெறுகிறவர் அவரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்ற உறவு எங்கும் தென்படுவதில்லை.

அப்படிப் பெறப்பட்ட மனுவின் மேல் உறுப்பினர் தம் முத்திரைத் தாளில் ஒரு பரிந்துரைக் கடிதத்தை இணைக்கிறார். அது ஆட்சியருக்கோ துறை அமைச்சருக்கோ செல்கிறது. அங்கிருந்து ‘மேல்நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது’ என்ற குறிப்போடு துறையின் மாவட்ட அலுவலருக்கு இறங்குகிறது. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு போன்றவை இந்தப் பாதையில் தீர்வதுண்டு; ஏனெனில் அவற்றைத் தீர்க்கும் அதிகாரம் அந்தப் படிகளிலேயே ஏதோ ஒன்றில் இருக்கிறது. ஆள் வேண்டும், ஊதியம் வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் இதே படிகளில் இறங்கியபின் மீண்டும் மேலேறி, தலைமைச் செயலகத்தில் நிதித் துறையின் வாசலில் போய் நிற்கிறது. புதிய பணியிடம் ஒன்றை உண்டாக்கவும், இருக்கும் பணியிடத்துக்கு ஊதியத்தை மாற்றவும் நிதித் துறையின் இசைவும் அரசாணையும் தேவை. மாவட்டத்தில் இருக்கும் எவரும், உறுப்பினர் உட்பட, அதைக் கொடுக்க முடியாது.

உறுப்பினரால் ஏன் முடியாது என்பதற்கு விடை அரசமைப்புச் சட்டத்தின் 202, 203 ஆகிய பிரிவுகளில் இருக்கிறது. அரசின் வருவாயெல்லாம் சேரும் கணக்குக்குத் திரட்டு நிதி என்று பெயர். ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் பேரவையில் வைக்கப்பட்டபின், ஒவ்வொரு துறையும் அந்த நிதியிலிருந்து தனக்கு இவ்வளவு வேண்டும் என்று கேட்பது மானியக் கோரிக்கை எனப்படும். ஆசிரியர், செவிலியர், காவலர் ஆகியோரின் சம்பளம் இந்தக் கோரிக்கைகளுக்குள்தான் அடங்கியிருக்கிறது. ஆளுநரின் பரிந்துரை இல்லாமல், அதாவது நடைமுறையில் அமைச்சரவையின் விருப்பம் இல்லாமல், எந்தக் கோரிக்கையும் பேரவைக்கு வர முடியாது. வந்த கோரிக்கைக்குப் பேரவை இசையலாம், மறுக்கலாம், அல்லது தொகையைக் குறைத்து இசையலாம். கூட்டுவதற்கு மட்டும் அதிகாரம் இல்லை. ஆக, செவிலியருக்குக் கூடுதலாக ஒரு ரூபாய் கொடுக்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் தாமாகத் தீர்மானம் கொண்டுவர வழியில்லை.

இந்த ஏற்பாட்டின் வேர் மனுக்களிலேயே இருப்பதுதான் சுவையான செய்தி. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் காமன்ஸ் சபைக்குப் பொதுப் பணத்தைக் கேட்கும் மனுக்கள் உறுப்பினர்கள் கைவழியே குவிந்தன. தமக்கு வேண்டியவர்களுக்காக ஒவ்வொருவரும் ஒரு மனுவைக் கொண்டுவர, மறுக்கும் துணிவு மற்றவர்க்கு இல்லாமல் போயிற்று. அதனால் அரசரின் பரிந்துரை இல்லாமல் அரசுப் பணி தொடர்பான எந்தத் தொகையைக் கேட்கும் மனுவையும் ஏற்பதில்லை என்று 1706-ல் சபை தீர்மானித்து, 1713-ல் அதை நிலையான விதியாக ஆக்கிக்கொண்டது. அதே நெறி காலனி ஆட்சிச் சட்டங்களின் வழியாக இந்திய அரசமைப்புக்கு வந்து சேர்ந்தது. உறுப்பினருக்கு மனு எழுதுகிறவர், மனுக்களுக்கு அஞ்சிப் பூட்டப்பட்ட கதவையே தட்டுகிறார் என்று சொன்னால் அது மிகையாகாது.

தங்கள் சொந்த ஊதியத்தில் உறுப்பினர்களுக்கு இவ்வளவு இடர் இல்லை என்பதையும் போகிற போக்கில் குறிப்பிடலாம். அதைச் சட்டத்தால் வகுத்துக்கொள்ளும் உரிமையைப் பேரவைக்கு 195-ஆம் பிரிவு தருகிறது. அதன்படி 55,000 ரூபாயாக இருந்த மாத ஊதியம் 1,05,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று 2017 ஜூலையில் அறிவிக்கப்பட்டது.

உறுப்பினர் கையில் நேரடியாக இருக்கும் பணம் தொகுதி மேம்பாட்டு நிதி. தமிழ்நாட்டில் ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்ற அளவுக்கு அது உயர்ந்திருக்கிறது. ஆனால் அந்த நிதி நிலைத்து நிற்கும் சொத்துகளுக்கு உரியது. பள்ளிக்கு வகுப்பறை, சுகாதார நிலையத்துக்குச் சுற்றுச்சுவர், பேருந்து நிழற்குடை, குடிநீர்த் தொட்டி ஆகியவற்றை அதிலிருந்து அமைக்கலாம். வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்கோ, தொட்டியைக் கழுவும் பணியாளருக்கோ சம்பளம் கொடுக்க முடியாது. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தத்தம் தொகுதியில் நெடுநாளாக நிறைவேறாத முக்கியமான பத்துக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டு ஆட்சியரிடம் தருமாறு கேட்டபோதும் அது திட்டப் பணிகளுக்கான ஏற்பாடாகவே இருந்தது. உறுப்பினர் பெயர் பொறித்த கல்வெட்டு வைக்கக் கட்டடத்தில் சுவர் உண்டு; சம்பளப் பட்டியலில் அதற்கு இடமில்லை என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். கட்டடம் திறக்கப்பட்டு ஆள் வராமல் பூட்டிக் கிடக்கும் காட்சிக்கு அலட்சியம் மட்டும் காரணமன்று, பணம் வரும் இரு வழிகளும் வெவ்வேறாக இருப்பதும் காரணம்.

ஊதியக் குறையும் சேவைக் குறையும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதைச் செவிலியர் நியமனத்தில் காணலாம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-ல் நடத்திய போட்டித் தேர்வில் தேறியவர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் பணியமர்த்தப்பட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் பணிநிரந்தரம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறாததால், 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள மருத்துவத் துறை இயக்குநரக வளாகத்தில் திரண்டு போராடினார்கள். நிரந்தரப் பணியிடம் ஒன்று காலியாகும்போதுதான் தொகுப்பூதியத்தில் இருப்பவர் அதில் அமர முடியும். ஆகவே புதிய சுகாதார நிலையம் வேண்டும் என்று கேட்கும் ஊர், அதற்கு ‘அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள்’ எத்தனை என்பதையும் சேர்த்துக் கேட்டால், அந்த ஒரு மனு ஊருக்கும் செவிலியருக்கும் சேர்த்தே பேசிவிடும். அனுமதிக்கப்பட்ட பணியிடம் என்பது சம்பளத்துக்கான நிதி ஒதுக்கீட்டோடு அரசாணையால் உண்டாக்கப்பட்ட இடம். அது இல்லாத கட்டடத்துக்கு வேறிடத்து ஆளை மாற்றுப்பணியில் அனுப்புவார்கள், அப்போது அவர் விட்டுவந்த ஊரில் மனு எழுதத் தொடங்குவார்கள்.

இடைநிலை ஆசிரியர்களின் நிலை வேறொரு வகை. 2009 மே 31 வரை பணியில் சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்றும், மறுநாளாகிய ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய் என்றும் ஆயிற்று. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே பாடநூல். ஒரு நாள் இடைவெளியில் 3,170 ரூபாய் வேறுபாடு. அடிப்படையில் விழுந்த இந்தப் பள்ளம், அகவிலைப்படியும் ஆண்டு உயர்வும் அடிப்படையின் விழுக்காடாகவே கணக்கிடப்படுவதால், ஆண்டுக்கு ஆண்டு ஆழமாகிறது. இப்படிப்பட்டவற்றை ‘ஊதிய முரண்பாடு’ என்ற சொல்லால் அரசு குறிக்கிறது. முரண்பாடுகளை ஆராயக் குழுக்கள் அமைக்கப்படுவதும், குழுவின் அறிக்கைக்கு எதிராகப் புதிய மனுக்கள் எழுதப்படுவதும் தொடர்கதை. ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்ற முழக்கத்தோடு இவர்கள் நடத்திய போராட்டங்கள் செய்தித்தாள் வாசகர்களுக்குப் பழக்கமானவை. எனினும், அந்தப் பள்ளிகளில் படிக்கும் குழந்தைகளின் பெற்றோர் தம் உறுப்பினருக்கு எழுதும் மனுவில் 5,200 என்ற எண் இடம்பெறுவது அரிதினும் அரிது.

பெற்றோர் எழுதுவதற்குத் தனி மதிப்பு உண்டு. ஏனெனில் ஆசிரியர் தாமாக எழுத முடியாது. அரசு ஊழியர் தம் பணி தொடர்பான நலனுக்காக மேலதிகாரிகள் மீது அரசியல் செல்வாக்கையோ வெளியார் செல்வாக்கையோ கொண்டுவரக் கூடாது என்று ஒன்றிய அரசின் 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 20-ஆம் விதி தடுக்கிறது. தமிழ்நாட்டின் 1973-ஆம் ஆண்டு விதிகளிலும் இந்தத் தடை உண்டு. இடமாறுதல் கேட்டு உறுப்பினரின் பரிந்துரைக் கடிதத்தோடு வருபவர், அந்தக் கடிதத்தாலேயே விதி மீறியவர் ஆகிவிடலாம். பேரவையின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும்போது வெளியாகும் அறிவிப்பிலும் இதே எச்சரிக்கை தென்படும்: பொதுப் பிரச்சினை குறித்த மனுவைத் தமிழில் ஐந்து நகல்களோடு குழுத் தலைவருக்கு அனுப்பலாம், ஆனால் தனிநபர் குறை, நீதிமன்ற வழக்கிலுள்ள பொருள், வேலைவாய்ப்புக் கோரிக்கை ஆகியவற்றோடு அரசு அலுவலர்கள் தங்கள் குறைகளைச் சொல்லும் மனுக்களும் ஏற்கப்படமாட்டா. ஊழியரும் ஒரு தொகுதியின் வாக்காளர்தான். ஆயினும் தம் வாழ்வைப் பெரிதும் பாதிக்கும் பொருளைப் பற்றித் தம் உறுப்பினரிடம் பேசும்போது மட்டும் அவர் வாக்காளர் அல்லர். நடுநிலை காக்க இந்தத் தடை தேவைதான். ஆனால் அதனால் உண்டாகும் வெற்றிடத்தைச் சங்கங்களும், சங்கம் பேச்சில் தோற்றால் தெருவுமே நிரப்புகின்றன.

2003 அதற்குச் சான்று. அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்வோருக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, ஊழியரும் அரசும் சம அளவில் செலுத்தும் பங்களிப்பு ஓய்வூதியம்தான் என்று ஆனது. ஏற்கெனவே குறைக்கப்பட்ட சலுகைகளோடு இதுவும் சேர, ஜூலையில் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். டெஸ்மா என்று அறியப்பட்ட அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆகஸ்ட் 6 அன்று டி. கே. ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மிக உரிமையோ இல்லை என்று தீர்ப்பளித்தது. பெரும்பாலோர் நிபந்தனைகளோடு மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் மாநில ஆளுங்கட்சிக்குத் தமிழ்நாட்டில் ஓரிடமும் கிடைக்கவில்லை. அதை முழுவதும் ஊழியர் கோபத்தின் கணக்கில் எழுதுவது சரியன்று என்றாலும், அதன் பிறகு தேர்தல் அறிக்கைகளில் ஓய்வூதியம் பேசப்படும் பொருளாயிற்று. ஆயினும் அந்த ஜூலையில் பள்ளியும் மருத்துவமனையும் பதிவு அலுவலகமும் முடங்கியபோது பொதுமக்களிடம் ஊழியருக்கு ஆதரவு பெருகவில்லை. ‘சேவையே செய்யாதவர்க்குச் சம்பளம் எதற்கு’ என்ற பேச்சே ஓங்கியிருந்தது. இரு வகை மனுக்களும் இரு கோப்புகளில் கிடந்ததன் விலை அது.

இவ்வளவு கட்டுகளுக்கிடையே உறுப்பினரின் கையில் உண்மையில் இருக்கும் கருவி கேள்வி. பேரவையின் கேள்வி நேரத்தில் அமைச்சர் சொல்லும் விடை அரசின் பதிவாகிறது. ‘நிதிநிலைமைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்’ என்ற பழகிய விடையும்கூட, முடியாது என்று சொல்லாத பதிவு. கேள்வியால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒன்றிய அரசு ஊழியரின் அகவிலைப்படி நல்ல எடுத்துக்காட்டு. பெருந்தொற்றைக் காரணம் காட்டி, 2020 ஜனவரி, 2020 ஜூலை, 2021 ஜனவரி ஆகிய மூன்று தவணைகள் நிறுத்தப்பட்டன. அந்தப் பதினெட்டு மாத நிலுவையைக் கேட்டு ஊழியர் அமைப்புகளும் ஓய்வூதியர்களும் எழுதிக்கொண்டே இருக்க, நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் அதைக் கேள்வியாக்கினார்கள். நிலுவை தரப்படாது என்பதே விடை. ஆனால் 2023 மார்ச்சில் வந்த அந்த விடையோடு, நிறுத்தியதால் அரசுக்கு மிச்சமான தொகை 34,402.32 கோடி ரூபாய் என்ற எண்ணும் வெளிவந்தது. எத்தனை மனு எழுதியும் கிடைத்திராத எண் அது.

ஆகவே எழுதுகிறவர் உறுப்பினரிடம் பணத்தைக் கேட்பதைவிட, அவர் அவையில் கேட்கத்தக்க ஒரு கேள்வியை எழுதிக் கொடுப்பது மேல். எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, அவற்றுள் காலமுறை ஊதியத்தில் எத்தனை பேர், தொகுப்பூதியத்தில் எத்தனை பேர், எந்தத் தேதியிலிருந்து எந்த இடம் காலி என்ற ஐந்து விவரமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் பெறக்கூடியவை. அவை கிடைத்தபின் ‘பொருள்’ என்ற வரியில் ‘செவிலியர் வேண்டுதல்’ என்று எழுத வேண்டியதில்லை. இன்ன அரசாணைப்படி உள்ள மூன்று இடங்களில் இரண்டு இத்தனை மாதமாகக் காலியாக இருப்பது குறித்து என்று எழுதலாம். ‘வேண்டுதல்’ என்று மட்டும் எழுதிய மனுவை உறுப்பினர் பரிந்துரை எழுதி அனுப்பிவிடலாம். விவரத்தோடு எழுதியதை அனுப்புவதற்கு முன் அவரே ஒருமுறை படித்தாக வேண்டும். இத்தகைய மனுவுக்கு ஏற்ற காலமும் ஒன்று உண்டு: வரவு செலவுத் திட்டம் வைக்கப்பட்டு மானியக் கோரிக்கைகள் துறை வாரியாக விவாதிக்கப்படும் வாரங்கள். அந்தத் துறைக்குரிய நாளுக்கு முன் வரும் தாள் உறுப்பினரின் பேச்சுக் குறிப்பில் சேரும். பின் வருவது ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும்.

எதிர்க்கட்சி உறுப்பினராக இருந்தால் அவருக்கு வெட்டுத் தீர்மானம் என்ற வழியும் உண்டு. கோரப்பட்ட தொகையைக் குறைக்க வேண்டும் என்று முன்மொழிவது அது. மக்களவை விதிகளின்படி ஒரு குறிப்பிட்ட குறையை எடுத்துச்சொல்வதற்காக மட்டும் கொண்டுவரும் அடையாளத் தீர்மானத்தில் அந்தத் தொகை 100 ரூபாய். அது நிறைவேறாது என்பது கொண்டுவருகிறவருக்கும் அமைச்சருக்கும் நன்றாகவே தெரியும். கூட்டச் சொல்லும் உரிமை இல்லாத அவையில், செவிலியர்களுக்கு இன்னும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று பேச விரும்பும் உறுப்பினர் எழுந்து நின்று, அந்தத் துறையின் கோரிக்கையிலிருந்து நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.